பூட்டின வீடும் கார்த்திகை விளக்கும்

பரிதாபி வருஷம், ஐப்பசி 4

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். கொழும்புக் கடை முதலாளி இந்த வருஷம் தாண்ட மாட்டார் என்று ஆடியிலேயே சொன்னேன். அவர் போனதும் கணக்கு வழக்கைப் பார்க்க மாப்பிள்ளை குற்றாலலிங்கத்தைத்தான் கூப்பிடுவார்கள் என்றேன். கூப்பிட்டார்கள். அவன் பெண்டாட்டி சுந்தரியையும் கூட்டிக்கொண்டுதான் போவான், வீட்டுச் சாவியைத் தன் அண்ணனிடம் கொடுக்க மாட்டான், என்னிடம்தான் கொடுப்பான் என்றேன். இன்று காலை இரண்டு பேரும் தூத்துக்குடி ரயில் ஏறினார்கள். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

"நீங்க சொன்னதுல ஒண்ணுகூட எனக்கு ஞாவகம் இல்லையே" என்கிறாள் என் பெண்டாட்டி பாலம்மாள். அவளுக்கு ஞாபகசக்தி குறைவு.

வண்ணார்பேட்டையில் ஆற்றைப் பார்த்த வீடு அது. என் அக்காள் உலகம்மாள் வாழ்ந்து கண்ணை மூடிய வீடு. அக்காள் மகள்தான் சண்முகசுந்தரி. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, தாய்மாமன் நான் ஒருவன்தான். போன வருஷம் மாப்பிள்ளை அந்த வீட்டில் காஸ் விளக்கு வைத்தான். ஜில்லாவிலேயே வீட்டுக்குள் காஸ் விளக்கு எரிவது இங்கே மட்டும்தான் என்று நான் சொல்லி வருகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. புறவாசல் அறையில் ஓர் இரும்புத் தொட்டி. பக்கத்தில் ஒரு பெரிய டின்னில் கார்பைட் கல். பார்த்தால் சாம்பல் நிறச் சல்லிதான். அதில் தண்ணீர் பட்டால் பொங்கி ஆவி விடும். அந்த ஆவி குழாய் வழியாக முன்கூடமான பட்டாசாலைக்கு வந்து விளக்கில் எரியும். வெளிச்சம் என்றால் அப்படி ஒரு வெளிச்சம். அதில் நான் பாளையங்கோட்டைக் கோட்டையின் செங்கலை எண்ணியிருக்கிறேன்.

ரயிலடியில் மாப்பிள்ளை என்னைத் தனியாக இழுத்தான். "மாமா, டின்னுல பாதிக் கல்லு கெடக்கு. அது நனையக் கூடாது. நனைஞ்சா வீடு பூரா ஆவி நிக்கும். ஒரு தீக்குச்சி போதும், கூரை பிச்சுக்கிட்டுப் போயிரும். வாடை மழை வருது, பாத்துக்கோங்க" என்றான்.

அவன் நகர்ந்ததும் சுந்தரி வந்தாள். "மாமா, அம்மா வாழ்ந்த வீடு இருட்டுல கெடக்கக் கூடாது. தினமும் அத்தையை விளக்கு ஏத்தச் சொல்லுங்க."

புருஷன் தீ ஆகாது என்கிறான். பெண்டாட்டி விளக்கு அணையக் கூடாது என்கிறாள். இரண்டையும் ஒரே ஆள் காப்பாற்ற வேண்டுமென்றால் இந்தச் சீமையில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஐப்பசி 9

இன்றுதான் வேலை முடிந்தது. ஒரு கோட்டையை முற்றுகைக்குத் தயார் செய்வதுபோலச் செய்திருக்கிறேன்.

ஓடு மாற்றினோம். ஆயிரம் ஓடு. சரி, இருநூறு இருக்கும். முற்றத்து வானவெளியை ஓலைத்தட்டி போட்டு மூடினேன். ஜன்னல் சந்து, கதவுச் சந்து எல்லாவற்றிலும் கந்தல் துணி திணித்துக் களிமண் பூசினேன். ஈரக்காற்று ஒரு மூச்சு உள்ளே போகாது. அக்காளின் தேக்குப் பெட்டியிலும் துணிமணியிலும் பூஞ்சை பிடித்தால் சுந்தரிக்கு நான் என்ன பதில் சொல்வது?

கடைசியாகச் செய்ததுதான் என் மூளைக்கு அத்தாட்சி. முற்றத்துத் தண்ணீர் ஆற்றுப்பக்கம் ஓடுகிற மடைவாயை அடைத்துவிட்டேன். ஆற்றில் வெள்ளம் வந்தால் அந்த வழியாகத்தானே உள்ளே ஏறும்? பாம்பும் அந்த வழிதானே?

பாலம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "வெளித்தண்ணி உள்ள வராது, சரி. உள்ள விழுற தண்ணி எங்கன போவும்?"

"மேலதான் தட்டி கட்டியிருக்கேனே. எங்கன இருந்து ஏளா விழும்?"

அவள் தட்டியைக் கட்டின கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

ஐப்பசி 11

மேலப்பாளையம் அசன் மைதீன் கடைக்குப் போனேன். கல்யாண ஊர்வலத்துக்குக் காஸ் விளக்கு வாடகைக்கு விடுகிறவர். கல்லைப் பற்றி அவரிடம் கேட்பதற்காகப் போகவில்லை, எனக்குத் தெரிந்ததை அவருக்கும் தெரியுமா என்று பார்க்கத்தான் போனேன்.

"மூடி இறுக்கமா இருக்கா அண்ணாச்சி?"

"மூடி கொஞ்சம் நெளிஞ்சிருக்கு."

"அப்பம் டின்னை மச்சுல ஏத்திப்போடுங்க. தரையில வைக்காதீங்க. அந்தக் கல்லு தண்ணிக்குத் தவிச்சுக்கிட்டே கெடக்கும்."

"இன்னைக்கே ஏத்திருதேன்" என்றேன்.

ஏற்றப் பார்த்தேன். ஏணி பழசு. டின் கனம். முக்காலி மேல் வைத்தேன். முக்காலியும் உயரம்தானே. முழங்கால் உயரம் இருக்கும்.

ஐப்பசி 23

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பூட்டின வீட்டிலும் விளக்கு எரிகிறது.

ஐப்பசி 28

வாடை திரும்பிவிட்டது. மழை நாளைக்குத்தான் வரும் என்று, நான் தினமும் போய் உட்காருகிற நெல் கடையில் சொன்னேன். இன்றே வந்துவிட்டது. நாளைக்கும் வரும்.

கார்த்திகை 3

சந்தோஷத்தில் எழுத்து கோணுகிறது. கொழும்பிலிருந்து தபால். சுந்தரி முழுகாமல் இருக்கிறாள். கப்பல் ஏறும்போதே சந்தேகமாம், இப்போது நிச்சயமாம். மாசியில் வந்துவிடுவார்களாம். "அம்மா என்னைப் பெத்த அறையிலதான் எனக்கும் பிரசவம் ஆகணும் மாமா. வீட்டைப் பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று எழுதியிருக்கிறாள்.

தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆண் குழந்தை என்றும் சொல்லிவிட்டேன்.

"அதையும் காயிதத்துல எழுதியிருக்காளா?" என்றாள் பாலம்மாள்.

"எழுதலை. நான் சொல்லுதேன்."

"அப்பம் பொண்ணுதான்."

அவள் சிரித்துக்கொண்டே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விளக்கேற்றப் போனாள். நானும் கூடப் போய் அக்காளின் அறையை ஒரு தடவை பார்த்தேன். சுவர் காய்ந்து கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாகக்கூட இருந்தது என்று எழுதலாம்.

கார்த்திகை 6

மழை விடவில்லை. ஆறு செம்மண் நிறத்தில் போகிறது. குறுக்குத்துறைக் கோயில் கோபுரம் மட்டும் தலை காட்டுகிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கு நான் விவரம் சொன்னேன்.

கார்த்திகை 8

தெருவில் முழங்கால் தண்ணீர். இரண்டு நாளாய் அந்த வீட்டுக்கு நாங்கள் போக முடியவில்லை. காற்று பேய்க்காற்று.  சாயங்காலம் பாலம்மாள் சொன்னாள்: "புள்ளத்தாச்சி வீடு ரெண்டு நாளா இருட்டாக் கெடக்கு. நாளைக்குத் தீபம். நாளைக்கு நீந்திப்போயாவது ஏத்திருவேன்."

கார்த்திகை 10

நேற்று எழுத நேரமில்லை. நேற்று நடந்ததை எழுத ஒரு நோட்டுப் போதாது.

தீபத்தன்று சாயங்காலம் மழை சற்று ஓய்ந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு அகல் வரிசை. பாலம்மாள் ஒரு தாம்பாளத்தில் அகல்களை ஏற்றியே எடுத்துக்கொண்டாள், காற்றில் அங்கே போய்த் தீக்குச்சி நிற்காது என்று. நான் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன். பூட்டைத் திறந்தாள். கதவு களிமண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது, தோளால் ஓர் இடி இடித்தேன். ஒரு விரற்கடை திறந்தது.

அப்போதுதான். என் மூக்கில் ஏறியது. பூண்டு நாற்றம். ஆளில்லாத வீட்டில் ஏது பூண்டு? இந்த மூக்கு சாதாரண மூக்கு இல்லை. நெல் மூட்டையைப் பிரிக்காமலே எந்த வயல் நெல் என்று சொல்கிற மூக்கு. ஒரு கண நேரம்தான். கார்பைட் ஆவிக்குப் பூண்டு நாற்றம்தான், காஸ் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "நில்லு ஏளா" என்றேன். அவள் அப்படியே நின்றாள். அத்தனை அகலையும் ஒரே ஊதில் ஊதி அணைத்தேன். தீபத்தன்று சுமங்கலி கையால் ஏற்றின விளக்கை வாயால் ஊதி அணைத்த பாவி நான் ஒருவன்தான். ஆனால் அணைத்ததால்தான் இன்று வீடு நிற்கிறது.

இருட்டில் காதைக் கொடுத்துக் கேட்டேன். புறவாசல் பக்கம் உலை கொதிக்கிற சத்தம். களக் களக் என்று.

கதவை விரியத் திறந்து வைத்து வேட்டித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன். முற்றத்துத் தட்டியில் ஒரு மூலையைக் காற்று எப்போதோ பிய்த்துவிட்டிருந்தது. வானத்துத் தண்ணீர் அத்தனையும் முற்றத்தில். மடை அடைபட்டிருந்ததால் வாசற்படி தாண்டிப் புறவாசல் அறைக்குள் ஏறி, முக்காலியை மூடி, டின்னுக்குள் போயிருந்தது. கல் பொங்கிக்கொண்டிருந்தது. தடவித் தடவி மடைவாயை மிதித்து உடைத்தேன். தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. அதோடு ஒரு பாம்பும் போனது, ஆறடி. டின்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் புறவாசலுக்கு வெளியே திறந்த வெளியில் வைத்தேன். ஏணியில் ஏற்ற முடியாத டின் அது. நேற்று பஞ்சு மாதிரி இருந்தது. பிறகு நான் பூசின களிமண்ணை நானே பிய்த்து எல்லா ஜன்னலையும் திறந்தேன்.

பாலம்மாள் வாசலில் நின்று, "வெளிய வாங்க, போதும், வெளிய வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்று காலை அசன் மைதீன் வந்து பார்த்தார். டின்னுக்குள் சுண்ணாம்புக் குழம்புதான் இருந்தது. ஜன்னலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இம்புட்டு இறுக்கமா அடைச்சது யாரு?"

"ஈரம் வரக் கூடாதுன்னு..."

"காஸ் போகவும் வழியில்லாமப் பண்ணிட்டியளே அண்ணாச்சி. விளக்கோட உள்ள போயிருந்தா உங்க ரெண்டு பேரையும் பாலத்துக்கு அந்தாண்ட தேடணும்."

அவர் போனபிறகு அக்காளின் அறையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். சுந்தரி பிரசவம் ஆக வேண்டிய அறை. நான்தான் மடையை அடைத்தேன். நான்தான் மூடினேன். டின்னை மச்சில் ஏற்று என்று சொன்னார்கள், நான்தான் - என்னத்த எழுத. 

கார்த்திகை 14

நெல் கடையில் நாலு தடவை சொல்லச் சொன்னார்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்திருந்த ஒரு வியாபாரி எழுந்து வந்து என் மூக்கைப் பார்த்தார்.

கார்த்திகை 15

கொழும்புக்கு விவரமாய் எழுதினேன். மடை விஷயத்தைச் சுருக்கமாகவும் மூக்கு விஷயத்தை விரிவாகவும். எழுதினதைப் பாலம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். தெரு முக்கிலேயே எனக்கு வாசனை தட்டிவிட்டது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன்.

"ம்" என்றாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அப்புறம்?"

தை 2

மாட்டுப்பொங்கல். மாப்பிள்ளையின் பதில் வந்தது. "தங்கள் நாசியால் எங்கள் குடும்பம் பிழைத்தது" என்று எழுதியிருக்கிறான். நாசி என்று எழுதியிருக்கிறான். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

தையிலிருந்து மாசி 25 வரை

ஓதம் அடித்த சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம். தேக்குப் பெட்டியை வெயிலில் போட்டுக் காயவைத்தோம். பாலம்மாள் சேலைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். ஒரு சேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

மாசி 26

வந்துவிட்டார்கள். சுந்தரி வயிறும் கையுமாய் ரயிலை விட்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் நேரே அக்காளின் அறைக்குப் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்தாள். "காஞ்சு இருக்கு மாமா" என்றாள். சுண்ணாம்பு அடித்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். நானே.

பங்குனி 9

வளைகாப்புக்கு நாள் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை இன்று தூத்துக்குடியிலிருந்து ஒரு புது டின் கல் கொண்டுவந்து இறக்கினான். வளைகாப்பு அன்று சாயங்காலம் காஸ் விளக்கு எரிய வேண்டுமாம். அதற்குப் பிறகும் தினமும் எரியுமாம். குழந்தை வெளிச்சத்தில் பிறக்க வேண்டுமாம்.

பழைய குழாயில் ஓர் இடம் துருப் பிடித்திருக்கிறது என்று அவன் அண்ணன் சொன்னான். "கசிஞ்சா என்ன செய்ய லே?"

மாப்பிள்ளை சிரித்தான். "மாமா மூக்கு இருக்கும்போது நமக்கு என்ன பயம்? தினமும் சாயந்தரம் மாமா வந்து ஒரு சுத்து சுத்தி மோந்து பாத்துட்டுச் சொன்னாப் போதும், அப்புறம்தான் விளக்கைப் பொருத்துவோம். என்ன மாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பாலம்மாள் வளையல் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். 

குழாய் போகிற இடம் அக்காளின் அறைச் சுவர்தான். சுந்தரி அங்கனதான படுப்பா. நான் போய் நிண்ணு, ஒண்ணும் இல்ல, பொருத்துங்கன்னு சொல்லணும். சொல்லிட்டா அவன் பொருத்துவான்.

பங்குனி 10

சொல்லிவிட்டேன்.

காலையில் போனேன். மாப்பிள்ளை தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுந்தரி பட்டாசாலையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, எனக்கு மோப்பம் கிடையாது."

"சளியா மாமா?"

"சளி இல்ல. பொடி. வயசுப்பிள்ளையில இருந்து போட்ட மூக்குப்பொடி. மூக்கு செத்துப்போய் வருஷக் கணக்காச்சு. மல்லிகைப்பூவும் மாட்டுச்சாணியும் எனக்கு ஒண்ணுதான்."

அவன் துணியைக் கீழே வைத்தான். "அப்பம் அன்னைக்கு?"

"அன்னைக்கு உங்க அத்தைதான் மோந்தா. உள்ள யாரோ பூண்டு நசுக்குதான்னா. திருடன் புகுந்து சமைக்கான்னு ரெண்டு பேரும் நெனைச்சோம். அவன் நம்மளைப் பாத்துரக் கூடாதுன்னுதான் நான் விளக்கை ஊதினேன். புறவாசல்ல அந்தக் களக் களக் சத்தம் கேட்டப்புறந்தான் கல்லு ஞாவகம் வந்துது."

சுந்தரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.  எழுந்து டின்னின் மூடியை அழுத்தி மூடினான். "மைதீன் காக்காகிட்டயே குடுத்துருவோம்" என்றான். உடனே வண்டி பிடித்து ஏற்றி அனுப்பினான். தொட்டியையும் குழாயையும் நாளைக்குக் கழற்ற ஆள் வருகிறது.

வீட்டுக்கு வந்து பாலம்மாளிடம் கேட்டேன்: "இத்தனை நாளா நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க சொல்லுறதைக் கேக்க நல்லா இருந்துது" என்றாள். "இன்னைக்கு நீங்க சொல்லாட்டா நான் சொல்லியிருப்பேன்."

பங்குனி 14

வளைகாப்பு. நல்லெண்ணெய் விளக்குதான். குத்துவிளக்கு எட்டு. கூட்டம் அந்தத் தெரு கொள்ளவில்லை. ஆயிரம் பேர். இருநூறு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வளையல் பாலம்மாள் போட்டாள்.

பங்குனி 21

பிரசவம் வரைக்கும் அத்தை இங்கேயே இருக்கட்டும் என்று சுந்தரி சொல்லிவிட்டாள். பாலம்மாள் நேற்றே மூட்டை கட்டிப் போய்விட்டாள். இன்று காலை நானே பால் காய்ச்சினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு எலிசபெத் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "அண்ணாச்சி, என்னத்தைக் கருக்குதீய? தெரு பூரா நாறுது" என்றபிறகுதான் அடுக்களைக்குப் போனேன். பால் இல்லை. பாத்திரத்துக்கும் அடி இல்லை.

பாலம்மாள் கேட்டால் பூனை என்று சொல்ல ஒரு கதை தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நோட்டில் ஒன்றைச் சரியாக எழுதிவிடுகிறேன். கார்த்திகை பத்தில் எழுதினது பெரும்பாலும் நடந்ததுதான். அந்த மூக்கு மட்டும் என்னுடையது அல்ல.